மாத்திரை போன வழி

வாயில் போட்ட மாத்திரை வயிற்றுக்குப் போகும், அங்கிருந்து நெஞ்சுக்குப் போகும், நோவு குறையும். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன். போன வருஷம்தான் தெரிந்தது, மாத்திரை உள்ளே போய் முழுசாக இருப்பதில்லை, உடம்பு அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறது என்று. அந்தத் துண்டுகளைத் தேடிப் பிடித்து அளப்பதையே வேலையாகச் செய்யும் ஆட்கள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். என் மாத்திரையின் துண்டுகளை அவர்கள் தேடப் போக, எங்கள் குடும்பமே ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

நான் கருமத்தம்பட்டியில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டை ஒட்டியே எங்கள் தறி ஷெட்டு. அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பகல் முழுக்க விசைத்தறி ஓடும். வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ கரண்டு போய்த் தறி நின்றால்தான் திக்கென்று இருக்கும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அப்படிப்பட்டவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. யாராவது வந்து ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையை ஆட்டினால் போதும். சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவர்களே சமாதானம் ஆகிக்கொள்வார்கள்.

நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தபோது, துடிப்பை ஒழுங்குபடுத்தும் மாத்திரை ஒன்றைக் கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் சாப்பிட்டதும் வெந்நீரில் விழுங்க வேண்டும். நானும் விழுங்கினேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் சர்க்கரைக்கு நிற்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

மகன் கோயமுத்தூரில் காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். ஒருமுறை வந்தபோது என் அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்திருக்கிறான். தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வைப்பது என் பழக்கம். உப்பு, புளி, மாத்திரை எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. நான் சாப்பிடாமல் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அவன் என்னை அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி.

"அம்மா, தலை சுத்தறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாமுங்க. மாத்திரை ஒடம்புல பத்தாம இருக்கலாம். இல்லீனா எச்சா இருக்கலாம். பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அளந்து பாக்காம அளவ மாத்தக் கூடாது" என்றார்.

"எச்சாகறதுக்கு வழியே இல்லீங்க டாக்டர். அவங்க ஒழுங்காச் சாப்படறதே இல்ல" என்றான் மகன், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு நேராகவே சொல்லிவிட்டான். "அம்மா, இந்த டெஸ்டுல மாத்திரை இல்லீன்னு வந்துச்சுன்னா, ஊட்டப் பூட்டிப்போட்டு எங்ககூட வந்துரோணும். இனித் தனியா உட முடியாது."

"செரி கண்ணு" என்றேன். எனக்குப் பயமே இல்லை. தினமும் விழுங்குகிறேன், உள்ளே இல்லாமல் எங்கே போகும்?

அளக்கிற இடம் அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. அங்கே ஒரு பெண். கோட்டைமேட்டுக்காரி. முப்பது, முப்பத்தைந்து வயசிருக்கும், தலையில் நீலத்துணி சுற்றியிருந்தாள். ஒரு பெரிய வெள்ளைக் கேனை எடுத்து மேசையில் வைத்தாள். எதற்கு என்று சொன்னதும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மகன் நல்லவேளையாக வெளியே போன் பேசிக்கொண்டிருந்தான்.

"கூச்சப்படாதீங்கம்மா, எல்லாருக்கும் உள்ளதுதான். நாளைக்குக் காலைல மொதல் தடவ போறத விட்டுருங்க. அதுக்கப்பறம் மறுநாள் காலைல மொதல் தடவ போறது வரைக்கும் ஒரு சொட்டு உடாம இதுல சேத்தோணும். நீங்க முழுங்கற மாத்திரைல பாதிக்கு மேல, முழுசாவும் துண்டாவும் அந்த வழியாத்தான் வெளிய வருது. கேனுக்கு அடில கெடாம இருக்க மருந்து ஊத்திருக்கு, கொட்டிராதீங்க. ஐஸுல வைங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் அந்த ஒரு நாளைக்கு மகன் வீட்டிலேயே தங்குவது என்று ஆயிற்று.

ஐஸ் என்றதும் மருமகள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பால், தயிர், தோசை மாவு. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூடிவிட்டு, மீன் கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி ஒரு தெர்மாக்கோல் பெட்டியை எங்கிருந்தோ கொண்டுவந்தாள். அதில் ஐஸ் கட்டி போட்டு, கேனை உட்கார வைத்து, பால்கனி மூலையில் வைத்தோம். மறுநாள் முழுவதும் நான் முந்தானைக்குள் ஒரு மக்கை மறைத்துக்கொண்டு பால்கனிக்கும் உள்ளுக்கும் நடந்தேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏனுங்க, செடிக்குத் தண்ணி ஊத்தறீங்களா? என்ன செடிங்க?" என்று கேட்டார். அங்கே ஒரு செடியும் கிடையாது. சிரித்துத் தலையை ஆட்டினேன். தறிச் சத்தம் இல்லாத ஊரில் அது அவ்வளவாக எடுபடவில்லை.

அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். மருமகளின் அம்மா. கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர்கள். தனியாக வரமாட்டார், இரண்டு பை தேங்காயும், ஒரு தூக்குப்போசி நிறைய மோரும், ஊர்ச் சங்கதி அத்தனையும் கூடவே வரும். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்பதால் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுத்தத்துக்குப் பேர் போனவர். வந்த வீட்டில் கால் கழுவிய கையோடு விளக்குமாற்றைத் தேடுவார்.

மறுநாள் காலையில் கடைசித் தடவையும் கேனில் சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தண்ணி வார்த்துக்கொள்ளப் போனேன். ஈரத் தலையோடு வெளியே வந்தால், பால்கனிக் கம்பியில் கேன் தலைகீழாகத் தொங்குகிறது. வெயிலில் பளபளவென்று மின்னுகிறது.

"வெசனப்படாதீங்க சம்பந்தி" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "எல்லாத்தையும் நான் பாத்துட்டனுங்க. நேத்தையதக் கொட்டிப்போட்டு, சோப்புப் போட்டு, நாரு வெச்சு நல்லா வெளக்கிப்போட்டேன். அடில என்னமோ வேற கசடாட்ட நாத்தம். அத்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் குடுக்கறோம், நேத்துப் புடிச்சதயா குடுப்பாங்க? புதுசாப் புடிச்சுக் குடுங்க சம்பந்தி."

ஒரு நாள் முழுவதும் சேர்த்ததுதான் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? நம் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர். விருந்தாளியாக வந்த இடத்தில் குனிந்து என் கேனை விளக்கியிருக்கிறார். அதைத் தப்பு என்றால் அவர் முகம் என்ன ஆகும்? உள்ளே மகன் சவரம் செய்துகொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தால், மாமியாரைப் பார்த்துக் கோபிக்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நிற்பான். மருமகளுக்கு இன்னும் சங்கடம். நான் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்போதுதான் எல்லாம் முடித்தவளுக்கு எவ்வளவு வரும்? கொஞ்சூண்டு வந்தது. சம்பந்தியம்மா கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இத்துனூண்டா? இத்தப் பெரிய ஏனத்துல அடியொட்டக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

சொல்லிக்கொண்டே, குடிக்கிற தண்ணீர் வரும் குழாயைத் திறந்து, கோடு போட்டிருந்த இடம் வரைக்கும் ஊற்றிவிட்டார். "பில்ட்டர் தண்ணிதானுங்க. ஒன்னும் ஆவாது."

அந்தக் கேனை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு, சீர்த்தட்டு கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். கோட்டைமேட்டுப் பெண் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ரொம்ப வெளுப்பா இருக்கேம்மா. தண்ணி நெறையக் குடிச்சீங்களா?"

நான் தலையாட்டினேன். "அவங்க சுத்தமான ஒடம்புங்க" என்றார் பின்னாலிருந்து சம்பந்தியம்மா.

கருமத்தம்பட்டிக்குத் திரும்பி என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிசின் பெரிய மிசின் என்கிறார்கள், எப்படியாவது கண்டுபிடித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் மகன் வண்டி வந்து நின்றது. முகம் உர்ரென்று இருந்தது.

"அம்மா, மாத்திரையும் இல்லையாமா, துண்டும் இல்லையாமா. பேருக்குத் துளியூண்டு தெரியுதுங்கறாங்க. எதுக்கும்மா எங்கள ஏமாத்தறே?"

"நான் தெனமும் சாப்படறேன் கண்ணு."

"சாப்டா எங்க போச்சு?"

எங்கே போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். பால்கனித் தண்ணீர் போகிற குழாய் வழியாகக் காந்திபுரம் சாக்கடைக்குப் போயிற்று. ஆனால் அதைச் சொன்னால் யார் கொட்டியது என்றும் சொல்ல வேண்டுமே. கம்மென்று இருந்தேன். நான் கம்மென்று இருந்ததையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

"துணிமணிய எடுத்துக்க. ஆடி பொறந்தா ஊடு மாத்தக் கூடாதும்பே. அதுக்குள்ள வந்துரு. ஊட்டையும் சேத்தே ஷெட்டுக்காரரு எடுத்துக்கட்டும், நான் பேசிக்கறேன்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. நாலு சேலையை மடித்துப் பையில் வைத்தேன். அடுக்களையில் இட்லிச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை இறக்கிப் போசியில் போட்டு அதையும் எடுத்துக்கொண்டேன். சாப்பிடாததால் காலை மாத்திரையும் விழுங்கவில்லை. முதலில் காந்திபுரம் போய் மருமகளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கையில் பேனாவை எடுத்துவிட்டார். "அம்மா தெனமும் சாப்படறேங்கறாங்க. ஒழுங்காச் சாப்ட்டும் பத்தலீனா அளவக் கூட்டோணும். நீங்க கூட இருந்து குடுங்க. ஒன்னுக்கு ஒன்னரையா எழுதறேன்" என்று மகனிடம் சொன்னார்.

ஒன்றரை! எனக்கு ஒன்றுக்கே தலை சுற்றுகிறது. வீடும் போய், தலையும் போய்விடும் போலிருந்தது.

"டாக்டருங்" என்றேன்.

என் குரல் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் பேசுவது குறைவு. பேசினால் தறிக்கு மேலே கேட்கிற மாதிரிதான் வரும். அந்தச் சின்ன அறையில் அது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி விழுந்தது. வெளியே நின்ற நர்ஸ் கூட எட்டிப் பார்த்தாள்.

"அளந்தது செரியில்லீங். இன்னொருக்கா அளங்க. ரத்தத்துல அளக்க முடியுமுங்களா?"

"முடியுமுங்கம்மா. ஆனா எது செரியில்லீங்கறீங்க?"

"அதச் சொல்ல முடியாதுங். ஆனாச் செரியில்லீங்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். மருமகள் மட்டும், "அத்தை இத்தன நாள்ல எதையும் வேணும்னு கேட்டதில்லீங்க டாக்டர். ஒருக்காப் பாத்துரலாமே" என்றாள். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவளுடைய அம்மாவுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் என் பக்கம் நின்றாள்.

"இன்னைக்கு மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

"பாத்தீங்களா!" என்றான் மகன்.

"நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "முழுங்கறதுக்கு முந்தி ஒருக்கா, முழுங்குன பொறகு சாயங்காலம் வரைக்கும் நாலஞ்சு தடவை எடுக்கலாம்."

எனக்கு ஊசி என்றால் ஆகாது. நரம்பும் கிடைக்காது, கோட்டைமேட்டுப் பெண் முழங்கையைத் தட்டித் தட்டித் தேடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு இட்லிப் போசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு ஐஸில் வைத்தாள். பிறகு என்னை இட்லி சாப்பிட வைத்து, அவள் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்கச் சொன்னாள். அவளுக்கும் இரண்டு இட்லி கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள். சட்னியைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மிசின் இருந்தது. பீரோ உயரத்தில் ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த பெட்டிகள், அவ்வளவுதான். ரத்தத்துக்குள் கரைந்து போன மாத்திரையை அது எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும் என்று கேட்க ஆசை. கேட்கக் கூச்சம். கடைசியில், "உள்ள எப்படிம்மணி தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"காந்திபுரத்துலருந்து ஒரே நேரத்துல அஞ்சாறு பஸ்ஸு உங்க ஊருப் பக்கமாக் கெளம்புதுன்னு வைங்க. எல்லாத்துக்கும் ஒரே ரோடு. ஒன்னு எல்லா ஸ்டாப்புலயும் நின்னு வரும். ஒன்னு அங்கங்க நிக்கும். ஒன்னு எங்கயும் நிக்காது. நீங்க கருமத்தம்பட்டில நின்னு பாத்தா ஒன்னொன்னாத்தானே வந்து சேரும்? வர்ற நேரத்த வெச்சே எந்த பஸ்ஸுன்னு சொல்லிருவீங்கல்ல?"

"சொல்லிருவேன்."

"இதுக்குள்ள ஒரு சின்னக் குழா இருக்கு. அதான் ரோடு. ரத்தத்துல வேண்டாததெல்லாம் எடுத்துட்டு, மிச்சத்த ஒரு முனைல உடுவோம். உங்க மாத்திரை ஒரு நேரத்துக்கு வெளிய வரும். அதோட துண்டு இன்னொரு நேரத்துக்கு வரும். வந்ததும் எத்தன பேரு எறங்கறாங்கன்னு எண்ற மாதிரி, எவ்வளவு இருக்குன்னு மிசினு அளந்துரும்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "வழில டிராபிக்காகி லேட்டாச்சுன்னா, வேற பஸ்ஸுன்னு நெனச்சுக்க மாட்டீங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்குத்தான் எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேற ஒரு மருந்தயும் கூடவே உடுவோம். அது லேட்டுன்னா அன்னைக்கு எல்லாமே லேட்டுன்னு தெரிஞ்சுக்குவோம்."

அப்புறம் அவள் சொன்னதுதான் என் வயிற்றில் பால் வார்த்தது. டெஸ்ட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் அவசரமாக ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டாம். "அவங்க ரத்தத்துல மாத்திரை நெறையத் தெரியும். ஆனா துண்டு இருக்காது. துண்டு மெள்ள மெள்ளத்தாம்மா சேரும். பல நாளு முழுங்குனாத்தான் ஒரு அளவுக்கு வரும். மாத்திரைய வெச்சு எங்கள ஏமாத்தலாம், துண்ட வெச்சு ஏமாத்த முடியாது."

எனக்காகப் பேச என் ரத்தத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்று தோன்றியது. நான் வாயைத் திறக்கவே வேண்டாம். என்னை மாதிரி ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முடிவு வரும் வரை மகன் வீட்டில் இருந்தேன். காலையும் மாலையும் மருமகள் மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் விழுங்கியதும், "நாக்க நீட்டுங்க அத்தை" என்பாள். மகன் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறான். நான் நாக்கை நீட்டுவேன். அவள் சிரிப்பாள். ஒருநாள் அவளும் நாக்கை நீட்டிக் காட்டினாள். சம்பந்தியம்மா ஊருக்குப் போய்விட்டு மறுபடியும் வந்திருந்தார். நான் அங்கேயே வந்துவிடப் போகிறேன் என்பதில் அவருக்குத்தான் அதிகச் சந்தோஷம்.

"நல்லதுங்க சம்பந்தி. தனியா அந்தத் தறிக்குள்ள என்ன பண்றீங்க? இங்க இருந்தீங்கன்னா மாசம் ஒருக்கா நானும் வந்து ஒரு வாரம் இருந்துக்குவேன். பேச்சுத்தொணை ஆச்சு."

"ஆமாங்க" என்றேன். அவர் நல்ல மனசோடு சொல்கிறார். ஆனால் நாலாவது மாடியில் பகலில் ஒரு சத்தமும் இல்லை. கீழே போகலாம் என்றால் மின்தூக்கியில் யாராவது இருந்து, எந்த மாடி, யார் வீடு என்று கேட்பார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஷெட்டுக்காரர் என் வீட்டு அடுக்களையில் நூல் மூட்டை அடுக்குவதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மருமகளோடு கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிடலாமா என்று வந்தது. அவளே பேச்சை எடுத்தாள். "அன்னைக்குக் கேன் சமாச்சாரத்துல எங்கம்மா உங்களுக்கு ஒத்தாசையா இருந்தாங்களாமே அத்தை. பெருமையாச் சொன்னாங்க."

"ஆமா கண்ணு. ரொம்ப ஒத்தாசை" என்றேன்.

முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மகன், மருமகள், நான், எங்களோடு சம்பந்தியம்மாவும். டாக்டரும் கோட்டைமேட்டுப் பெண்ணும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக ஓடி, திடீரென்று மேலே ஏறி இறங்கி, மறுபடி ஓடி, இன்னொரு இடத்தில் அதைவிடப் பெரிதாக ஏறி நின்றது. பொள்ளாச்சி ரோட்டில் போகும்போது தூரத்தில் தெரிகிற மலை மாதிரி.

"இதுதான் மாத்திரைங்கம்மா" என்று அவள் முதல் மலையைக் காட்டினாள். "இந்தப் பெருசு, அதோட துண்டு. அன்னைக்கு மாத்திரை குடுக்கறதுக்கு முந்தி எடுத்த ரத்தம் இது."

டாக்டர் மகனைப் பார்த்தார். "உங்கம்மா மாத்திரைய ஒரு வேளை கூட உடலீங்க. ஒரு நாள், ரெண்டு நாள் முழுங்குனா துண்டு இந்த ஒயரத்துக்கு வராது. ஒழுங்காச் சாப்ட்டதுதான் சங்கடமாப் போச்சு. இந்த வயசுல கிட்னி கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது. துண்டு வெளிய போறதுக்கு முந்தியே அடுத்த மாத்திரை வந்து, அதோட துண்டும் சேந்துக்குது. அந்தத் துண்டுக்கும் மருந்துக் கொணம் உண்டு. அதான் தலை சுத்துது. பாதி மாத்திரை போதும். நல்லவேளை, ஒன்னரை எழுதாம நிறுத்துனாங்க."

மகன் என்னைப் பார்த்தான். நான் என் காலைப் பார்த்தேன்.

"ஆனா ஒன்னு புரியலீங்க" என்றார் டாக்டர். "ரத்தத்துல இவ்வளவு இருக்கு. கேன்ல ஏன் ஒன்னுமே இல்ல?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏதாவது பொய் சொல்லலாம் என்றால் பொய்யும் வரவில்லை.

"எப்படிங்க இல்லாமப் போகும்?" என்றார் சம்பந்தியம்மா, முன்னால் வந்து. "நான்தானுங்க கையோட நின்னு பாத்தேன். நேத்தையதெல்லாம் கொட்டிப்போட்டு, கேன சோப்புப் போட்டு வெளக்கி, புதுசாப் புடிச்சு, பத்தாததுக்கு பில்ட்டர் தண்ணி ஊத்தி, நெறையக் குடுத்தமுங்க!"

கோட்டைமேட்டுப் பெண் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"அம்மா!" என்றாள் மருமகள்.

"என்னம்மணி? பழசக் குடுப்பாங்களா? நம்மூட்டுக்கு வர்றவிங்களுக்கு நேத்தைய மோரக் குடுத்துருக்கறமா?"

"நேத்தையதுலதாங்க மாத்திரையே இருந்துச்சு" என்றார் டாக்டர் மெதுவாக.

சம்பந்தியம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். திரையில் இருந்த மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ சம்பந்தி! அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? ஊட்டயே பூட்டற வரைக்கும் கம்முனு இருந்தீங்களே!"

"நீங்க அவ்வளவு நல்லா வெளக்கியிருந்தீங்க" என்றேன். எனக்குத் தோன்றியது அதுதான்.

அதற்கப்புறம் மகனால் அடக்க முடியவில்லை. மாமியார் முன்னால் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கோட்டைமேட்டுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பில்ட்டர் தண்ணிதானுங்கம்மா" என்றாள். மறுபடியும் ஒரு சுற்றுச் சிரிப்பு. இதற்குப் பயந்தா நான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. ஆனாலும் அதை நானே சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாயால் வந்ததால்தான் வந்தது.

டாக்டர் பாதி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச மாசம் கழித்துத் துண்டு குறைந்திருக்கிறதா என்று மறுபடி அளக்க வேண்டும், ரத்தமும் வேண்டும், கேனும் வேண்டும் என்றார்.

வண்டியில் ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து மேற்கே போனால் காந்திபுரம், கிழக்கே போனால் கருமத்தம்பட்டி. மகன் வண்டியைக் கிழக்கே திருப்பினான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க மாப்ளை, ஊட்டுக்கு அந்தப் பக்கமில்லீங்களா போகோணும்?" என்றார் சம்பந்தியம்மா.

"அம்மா ஊட்டுக்கு இந்தப் பக்கமுங்க அத்தை" என்றான்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அடுத்த கேன உன்ற ஊட்டுலயே புடிச்சுக்கம்மா. ஐஸு நான் கொண்டாந்து குடுக்கறேன்."

"அன்னைக்கு ஒத்தாசைக்கு நான் வரட்டுங்களா சம்பந்தி?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"தாராளமா வாங்க" என்றேன். "மோரு மட்டும் கொண்டாங்க."